முன்வரிசை

முத்திருளனை நினைத்து லாசர் வாத்தியாருக்குத்தான் வெட்கமாக இருந்தது. நல்ல மனிதர். ஊரில் யாருக்கு ஒரு கஷ்டம் என்றாலும் முதல் ஆளாய் வந்து நிற்கிற, உழுது பிழைக்கும் சம்சாரி. அவரா இப்படி நடந்துகொள்கிறார் என்று வாத்தியாருக்கு ஆறவில்லை.

கல்லுப்பட்டியிலிருந்து திருமங்கலம் போகிற பஸ் நடுவழியில் படுத்துவிட்டது. யுத்தம் வந்து பெட்ரோல் போனபின் கரியில் ஓடுகிற வண்டி, அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கவும் முடியாது. டிரைவர் பின்பக்கம் போய் அடுப்பைக் கிளற, ஏறியவர்கள் இறங்கிப் புளியமர நிழலில் ஒதுங்கினார்கள்.

தலைப்பாகை கட்டிய ஒருவர் சாக்கு மூட்டையோடு நிழலின் ஓரத்துக்கு வந்தார். "ஏய், அங்கிட்டுத் தள்ளி நில்லு" என்றார் முத்திருளன். வந்தவர் மூட்டையோடு வெயிலுக்கு நகர்ந்தார்.

"நெழல்ல கூடவா அண்ணே பங்கு பாப்பீக? அந்த மனுசனும் டிக்கெட் வாங்கித்தானே ஏறியிருக்காரு" என்றார் வாத்தியார்.

"மீனாச்சி கோயிலுக்குள்ள எல்லாரையும் விட்டு மூணு வருசமாச்சு வாத்தியாரே. அன்னையிலருந்து நான் அந்த வாசலை மிதிக்கல. ஆத்தாளையே விட்டுட்டு இருக்கேன், நெழலை விட்டுக் குடுப்பேனா?"

"அதுல உங்களுக்குத்தானே நட்டம்?"

"இருக்கட்டும். உங்க பள்ளிக்கூடத்துலயும் இதே கூத்துத்தானாம்ல. எம்மக ஒச்சாயி பக்கத்துல சேரிப் பிள்ளைய உக்கார வச்சிருக்கீகளாம். நாளையிலருந்து அவ வரமாட்டா."

வாத்தியாருக்குத் திக்கென்றது. அந்தப் பக்கத்துச் சம்சாரி வீடுகளில் நாலாம் வகுப்பு வரை வந்த ஒரே பெண் ஒச்சாயி. பலகையில் கணக்கு எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவாள். நிறுத்திவிட்டால் மறுவாரமே ஆடு பத்தி மேய்க்கக் கிளம்பிவிடுவாள். அவளை விட்டுவிட வாத்தியாருக்கு மனமில்லை.

"பக்கத்துல உக்காந்ததுல பிள்ளைக்கு என்ன அண்ணே ஆச்சு? மூக்கு உதுந்துபோச்சா?"

"கேலி பேசாதீக. சட்டம் போட்டு உக்கார வச்சா மனசு ஒட்டிருமா? ஆயிரம் வருசத்துப் பழக்கத்த ஒரு நாள்ல மாத்த முடியாது."

"எங்க மாதா கோயிலுக்கு வந்து பாருங்க. பண்ணையாரும் கூலிக்காரனும் ஒரே தரையிலதான் முழங்கால் போடுறோம். இம்புட்டு நாளா யாருக்கும் ஒண்ணும் ஒட்டிக்கிறல." முப்பது வருடமாகப் பக்க வாசலால் வந்து முன்வரிசையில் முழங்கால் போடுகிறவர், பூசையில் ஒருநாளும் பின்னால் திரும்பிப் பார்க்காதவர், நெஞ்சாரத்தான் சொன்னார்.

அந்த நேரம் தூரத்தில் அவருடைய கோயிலின் மத்தியான மணி அடித்தது. வாத்தியார் பேச்சை நிறுத்தி, கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

கண்ணைத் திறந்தால், வெயிலில் நின்றவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கியபடி தலைகுனிந்து நின்றார். தன் பக்கம் பேசுகிறவருக்குக் காட்டும் மரியாதை என்று வாத்தியாருக்குப் பட்டது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"எல்லாரும் ஒண்ணாவா? நெசமாவா?" என்றார் முத்திருளன்.

"நெசமாத்தான்."

முத்திருளன் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பிடிவாதக்காரர், ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. "சரி, ஞாயித்துக்கெழம நானே வந்து வாசல்ல நின்னு பாக்குறேன். நீங்க சொன்னபடி இருந்தா ஒச்சாயி இப்ப இருக்கிற எடத்துலயே உக்காந்து படிக்கட்டும். இல்லேன்னா அவ உங்க வாசப்படியை மிதிக்க மாட்டா."

ஜெயித்த சந்தோஷத்தில் வாத்தியார் வெயிலில் நின்றவர் பக்கம் திரும்பினார்.

"நீயும் வாப்பா. என் பக்கத்துலயே முன்வரிசையில உக்காரலாம். எதுக்குக் கூச்சப்படுற? உம் பேரென்ன?"

"சூசைங்கய்யா."

வேதக்காரப் பெயர்; வாத்தியாரைப் போலவே கிறிஸ்தவர். அந்த வட்டாரத்தில் பத்து மைலுக்கு இருப்பது ஒரே ஒரு மாதா கோயில்தான். முகத்தை உற்றுப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. ஒரு தரமாவது திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"அட, வேதக்காரனா நீ? எந்தக் கோயிலு?" என்று கேட்டார் முத்திருளன்.

சொல்லலாமா என்று கேட்கிற மாதிரி சூசை வாத்தியாரைப் பார்த்தார். வேறு ஏதாவது ஊர்ப் பெயரைச் சொல்லிவிடப்பா என்று வாத்தியாரின் கண்கள் அவரிடம் கெஞ்சின. கெஞ்சுகிறோம் என்பது உறைத்ததும் உடம்பெல்லாம் கூசிப்போய், வாத்தியார் தரையைப் பார்த்தார்.

"வாத்தியாரய்யா கோயில்தாங்க, எங்க சனத்தோட கம்பித் தடுப்புக்குப் பின்னால."