மூன்றாம் ஓலை

கத்தோலிக்கக் கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பது ஊருக்குச் செய்தி சொல்வதற்காக என்று திண்டிவனத்தில் பலர் நம்புகிறார்கள். இந்தப் பிழையைத் திருத்தாமல் கதைக்குள் போக முடியாது. ஓலை வாசிப்பது கல்யாணத்தை நிறுத்துவதற்காக. மூன்று ஞாயிறு மணமக்களின் பெயரை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும். திண்டிவனத்துப் பங்கில் முப்பது ஆண்டுகளாக யாரும் சொன்னதில்லை.

2009 பிப்ரவரியில் சவரிநாதன் சொன்னார்.

வாசிக்கப்பட்ட பெயர்கள் வெனிலா, மரிய அருண். வெனிலா, சூசை மேரியின் ஒரே மகள், நர்சிங் முடித்தவள். மரிய அருண் பாண்டிச்சேரிக் குடும்பம், பிரெஞ்சுக் குடியுரிமை, பாரிசில் வேலை, ஒரு மாத லீவில் வந்திருந்தான். தாலி கட்டிய கையோடு பாரிஸ், அங்கேயே வேலை, அங்கேயே குடித்தனம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

சவரிநாதன் எதிர்வீட்டுக்காரர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துபவர். அவர் மகள் ஆஷ்லினும் இரண்டு வருடம் முன்பு இதே போல் ஒரு பிரெஞ்சு மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு பாரிசுக்குப் போனவள் என்று தெருவுக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் தோறும் அவள் அனுப்பும் சாக்லேட்டைத் தெரு முழுக்க, வீட்டுக்கு ஒரு டப்பா என்று சவரிநாதன் கொடுப்பார். டப்பாவின் அடியில் விலை ஒட்டும் மூலை மட்டும் சுரண்டியிருக்கும். பரிசுப் பொருளில் விலை தெரியக்கூடாது என்பது நாகரிகம்தான்.

நிச்சயம் ஆன மறுநாளே அவர் சூசை மேரியிடம் வந்திருந்தார்.

"பாண்டி பிரெஞ்சு காண்சுலேட்ல கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு பேப்பர் வாங்கணும்மா. அது வந்தப்புறம் கல்யாணத்த வெச்சிக்கலாமே."

"எத்தினி நாளு ஆவும்ணே?"

"ரெண்டு மாசம்."

"அதுக்குள்ள தவக்காலம் வந்துரும். கோயில்ல கல்யாணம் வைக்க மாட்டாங்க. மாப்பிள்ளைக்கும் லீவு முடிஞ்சிரும். ஏண்ணே, ஆஷ்லின் பேப்பர் வாங்கிக்கினா போனா? பத்தே நாள்ல முடிச்சி அனுப்பி வெச்சீங்களே."

சவரிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்ததும் சாமியாரிடம் போனார். பெண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கை முறை, வானூர்ப் பக்கத்தில் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே பாட்டன் என்றார். பாட்டன் பெயரைக் கேட்டபோது சற்று யோசித்துவிட்டு, அந்தோணி என்றார்.

அந்தப் பக்கத்து ஞானஸ்நானப் பதிவேட்டில் மூன்றில் ஒருவர் அந்தோணி. சாமியார் நேர்மையானவர். எல்லா அந்தோணிகளையும் விசாரித்தார். முடிப்பதற்குள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்துவிட்டது. கல்யாணம் ஈஸ்டருக்கு அப்பால் போயிற்று.

வெனிலா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை வீட்டில் வேறு பெண் பார்க்கிறார்கள் என்று ஒரு செய்தி வந்தது. சூசை மேரி வாசல் பெருக்கும்போது எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துத் துடைப்பத்தோடு பேசினாள்.

"தம் பொண்ணு மட்டும் பாரிசுல இருக்கணும். அடுத்தவ பொண்ணு இங்கியே கேப்பைக் களி கிண்டிக்கினு கெடக்கணும். நல்லா இருக்குது நாயம்."

சவரிநாதன் அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு. என்ன சொன்னார் என்பது நமக்குத் தெரியக்கூடாது என்பது சட்டம்.

மரிய அருண் மட்டும் சண்டை போட நேராக இன்ஸ்டிட்யூட்டுக்கே போனான். அரைமணி கழித்து ஒரு கட்டுக் காகிதத்தோடு திரும்பினான்.

"என்னா சொன்னாரு?" என்றாள் சூசை மேரி.

"சண்டைய அப்புறம் போட்டுக்கலாம், சும்மா இருக்கிற நேரத்துல ரெண்டு பேரும் இந்த ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக் காண்சுலேட்ல குடுத்துட்டு வாங்கன்னாரு அத்தே. அவரே டைப் அடிச்சிக் குடுத்தாரு."

"கல்யாணத்தையும் நிறுத்திப்புட்டு ஃபாரமும் அடிச்சிக் குடுக்கிறாரா? என்னா மனுஷன்யா."

வேறு வேலை இல்லாததால் கொடுத்துவிட்டு வந்தார்கள். அவன் லீவு முடிந்து பாரிசுக்குப் போனான்.

ஈஸ்டர் முடிந்த வாரம், இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக எந்த அந்தோணியும் இல்லை என்று சாமியார் அறிவித்தார். அதற்குள் காண்சுலேட் பேப்பரும் வந்திருந்தது. மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. மே மாதம் மரிய அருண் மறுபடி லீவு போட்டு வந்தான்; கல்யாணம் நடந்தது. தெருவில் சவரிநாதன் வீடு ஒன்றுக்குத்தான் பத்திரிகை இல்லை.

அக்டோபரில் வெனிலாவுக்கு விசா வந்தது. அம்மா தடுத்தும் கேட்காமல் எதிர்வீட்டுக்குப் போனாள்.

"ஆஷ்லின் அக்கா அட்ரஸ் குடுங்க மாமா. அங்க எனக்கு வேற யாரத் தெரியும்? போய்ப் பார்க்கிறேன்."

சவரிநாதன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு மெஷினில் ஒரு தாளைச் சொருகி, நிதானமாக அடித்து, நான்காக மடித்துக் கொடுத்தார்.

"அம்மாகிட்ட காட்டாத."

வெனிலா தன் அறைக்கு வந்து பிரித்தாள்.

'ஆஷ்லின், அறை எண் 9, பெண்கள் விடுதி, கிழக்குப் பாண்டி ரோடு, விழுப்புரம்.'

கீழே இன்னொரு வரி இருந்தது. 'நாங்கள் பேப்பர் வருவதற்கு முன்பே கல்யாணத்தை முடித்துவிட்டோம் அம்மா. அவள் விசா ஃபைல் இன்னும் காண்சுலேட்டிலேயே கிடக்கிறது.'

வெனிலா சனிக்கிழமை பாரிசுக்கு விமானம் ஏறினாள். வெள்ளிக்கிழமை விழுப்புரத்துக்குப் பஸ் ஏறியிருந்தாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கும் சவரிநாதன், பாரிசிலிருந்து வந்த பார்சலைப் பிரித்து, ஆஷ்லின் அனுப்பினாள் என்று தெரு முழுக்கச் சாக்லேட் கொடுத்தார். டப்பாவின் அடியில் எந்த மூலையும் சுரண்டியிருக்கவில்லை.