மந்திரியைக் கொன்றது யார்?

ஒரு ஆமை, இளவயசில் ராஜா காலத்துக் கொலைக்கதைகளைப் பாகம் பாகமாக எழுதித் தள்ளியது. இப்போது அவற்றை மின்னூலாகக் கொண்டுவர உட்கார்ந்தது. மூன்றாம் பாகத்தில் மிஞ்சியிருந்தது ஒரே பிரதி. அதன் கடைசிப் பக்கத்தை ராமபாணப் பூச்சி தின்று தீர்த்திருந்தது.

"மந்திரியைக் கொன்னது யாருப்பா?" என்று ஆமை அந்தப் பூச்சியிடமே கேட்டது.

"எழுதினது நீங்கதானே?"

"எழுதி எவ்வளவு காலமாச்சு! இப்ப எனக்கே எல்லார் மேலயும் சந்தேகமா இருக்கு."

பூச்சி வயிற்றைத் தடவிக்கொண்டு யோசித்தது. "யானைப்பாகன். நல்லா ஞாபகமிருக்கு."

ஆமை அப்படியே எழுதி வெளியிட்டது. மறுநாளே அதன் பழைய வாசகியான அணில் வந்து குதித்தது.

"பாகனை ரெண்டாம் பாகத்திலேயே யானை மிதிச்சுக் கொன்னுடுச்சே! செத்தவன் எப்படி ஐயா கொலை பண்ணுவான்?"

ஆமை பூச்சியிடம் திரும்பியது. "பொய் சொல்லி என் மானத்தை வாங்கிட்டியே!"

"தின்னதைத்தான் சொன்னேன்," என்று பூச்சி அழுதது.

"அதைத் திட்டாதீங்க," என்றது அணில். "அச்சுப் புத்தகத்திலயும் பாகன்தான் கொலைகாரன். அன்னிக்கே வந்து சண்டை போட்டேன். அடுத்த பதிப்பில திருத்திடறேன்னு சொன்னீங்க. அந்த அடுத்த பதிப்புதான் இது."

"மின்னூல்தானே, இப்பவே திருத்திடலாமே?" என்று பூச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது.

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது:

"அடுத்த பதிப்பில பாத்துக்கலாம்."