ஒட்டுப்போட்ட படகும் ஓவியரும்

பிரான்ஸ் நாட்டுத் துறைமுகம் ஒன்றில் லூசெத் என்றொரு மீன்பிடிப் படகு இருந்தது. அதன் வலது விலாவில் வேறு நிறப் பலகை வைத்து ஒட்டுப்போட்டிருந்தார்கள்.

ஒருநாள் காலை எதிர்க்கரையில் ஓவியர் கில்பேர் வந்து வரைபலகையை நிறுத்தினார். வயலும் ஆறும் கடலுமாக ஊர் ஊராகப் போய் வரைகிறவர். அவருடைய துறைமுகப் படங்களைப் பார்க்க பாரிஸில் கூட்டம் முண்டியடிக்குமாம்.

லூசெத் அவரைப் பார்த்துவிட்டது. "ஐயோ, என் ஒட்டை ஊரே பார்த்துச் சிரிக்கப் போகிறதே!" என்று அந்தப் பக்கத்தைக் கல்சுவரோடு நெருக்கி மறைத்துக்கொண்டது. அலைக்கு அலை சுவர் உராய்ந்தது. மத்தியானத்துக்குள் ஒட்டுப்பலகையின் ஆணிகளே கழன்றுவிடும் போலிருந்தது.

வலி தாங்காமல், தன் பாய்மரத்தில் உட்கார்ந்திருந்த கடற்காகத்திடம் கெஞ்சியது. "என்னை எப்படி வரைந்திருக்கிறார் என்று கொஞ்சம் பார்த்துவிட்டு வாயேன்."

கடற்காகம் ஓவியரின் தோளுக்குமேல் ஒரு வட்டமடித்துவிட்டுத் திரும்பியது.

"படம் முழுக்க வானம்தான் அக்கா. மேகத்துக்குமேல் மேகம். கீழே கொஞ்சமாகத் தண்ணீர்."

"நான்?"

"இருக்கீங்க. ஒரே ஒரு தீற்றல், எறும்பளவுக்கு. அதுகூட நீங்களா, பக்கத்துப் படகா என்று சரியாகத் தெரியவில்லை."

லூசெத்துக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. சுவரை விட்டு மெல்ல விலகி அலையில் தளர்ந்து ஆடத் தொடங்கியது. ஆடிக்கொண்டே கேட்டது:

"எறும்பளவு என்றால்... கட்டெறும்பா, சிற்றெறும்பா?"