ஞாயிற்றுக்கிழமை வைத்தியம்

ஊர்ச் சங்கத்தின் முன்னாள் தலைவர் அம்பலவாணன் லண்டன் வெம்பிளியில் தனியாக வசித்தார். மகள் தாரகாவின் பிளாட்டில் பிராணிகளுக்குத் தடை. அதனால் அவளது வளர்ப்புப் பாம்பும் அவரோடுதான். வருடத்தில் இருமுறை எட்டிப்பார்த்தவள், 2009 தை மாதம் அதற்கு உண்ணி பிடித்ததிலிருந்து ஞாயிறுதோறும் வந்தாள்.

"நாய் மருந்தை அடிச்சிடாதேங்கோ அப்பா, பாம்பு செத்துப்போகும்." வெதுவெதுப்பான தண்ணீரில் பாம்பை ஊறவிட்டு, அதன் பெட்டியைக் கழுவி, புதுப் பேப்பர் விரித்தாள்.

"பத்து நிர்வாகக் குழுவைக் கட்டி மேய்ச்சனான். எனக்கு ஒரு பாம்பு பெரிசோ?"

"இப்ப ஒரு உண்ணியும் இல்லை. இந்தமுறையாவது திரும்ப வராட்டிச் சரி. இனிச் சித்திரை வருசத்துக்கு வாறன்."

"ஓம், ஓம். எனக்கும் ஆயிரம் வேலை."

அவளுடைய கார் மறைந்ததும் அம்பலவாணன் ஒளித்துவைத்திருந்த ஜாம் போத்தலைத் திறந்தார். உள்ளே பாம்புப் பெட்டியில் முன்பு விரித்திருந்த பழைய மரத்தூள். அதில் கறுப்புப் புள்ளிகள் ஊர்ந்தன. மெல்லப் பாம்பருகே கொட்டினார்.

"கொஞ்சம் பொறுத்துக்கொள்ளடா," என்றார் பாம்பிடம். "ஞாயிறு வந்திடுவாள்."