எலிசாவின் பூஞ்சாணம்

“ஏங்க, கண்டுபுடிச்சிட்டேங்க! யாருமே இதுவரைக்கும் பார்க்காத பூஞ்சாணம்! பருத்தியில புதுசு!”

விழுப்புரம் ஆய்வுக்கூடத்திலிருந்து எலிசா போனில் கூவினாள். கிளியனூரில் பருத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அவள் கணவன் புகழேந்தி, மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டான். ஊரில் எல்லோரும் நகை, நிலம் என்று கனவு காண, கல்யாணமான நாளிலிருந்து இவள் கண்ட ஒரே கனவு இதுதான். சந்தோஷத்தில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“எப்படி இருக்குது அது?”

“மைக்ராஸ்கோப்புல பார்த்தா குட்டிக் குட்டிப் படகுங்க. நெலா வெளிச்சத்துல மெதந்துக்கினு போற மாதிரி... ஞாயித்துக்கிழமை பூசைக்குக்கூட ஊருக்கு வராம, அதையேதான் பார்த்துக்கினு கெடந்தேன்.”

அவன் கண்ணை மூடினான். சாயங்கால வெயிலில் அந்தப் படகுகள் அவனுக்கும் தெரிந்தன.

“அது புடிச்ச இலைய யாரு குடுத்தா?”

“அதாங்க பேஜாரு. யாரோ பையில போட்டு ஆபீஸ் வாசல்ல வெச்சுட்டுப் போயிருக்காங்க. பேரும் இல்ல, ஊரும் இல்ல.”

“பொண்டாட்டி அழுவாளேன்னு பயந்திருப்பான்.”

“போங்க, கிண்டல் பண்ணிக்கினு!” எலிசா சிரித்தாள். “பேரு நானே வைக்கலாமாம். உங்க பேரைத்தான் வைக்கப்போறேன். பருத்தி போட்டுத்தானே என்னைப் படிக்க வெச்சீங்க!”

“நோய்க்கா என் பேரு? நல்லா இருக்குது நியாயம்!”

அவள் குரல் தணிந்தது. “ஆனா அந்த விவசாயி பாவங்க. இதுக்கு மருந்து கெடையாது. பாய்ச்சுற தண்ணியோட போயி அடுத்த வயலையும் புடிச்சுக்கும். மொத்தத்தையும் புடுங்கிக் கொளுத்தணும்.”

“மொத்தமுமா?”

“ஒரு செடி விடக்கூடாதுங்க. அந்த ஆள எங்கன்னு போயித் தேடுறது?”

“நீ கவலப்படாத. நான் விசாரிச்சுச் சொல்லிடறேன்.”

“என்னங்க, மோட்டார் சத்தம் நின்னுபோச்சு?”

“கரண்டு போயிடுச்சு. நீ ஜல்தியா போயி எல்லாருக்கும் ஸ்வீட்டு வாங்கிக் குடு.”

போனை வைத்தான். பக்கத்து வயலில் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பெயர் எழுதாமல் அந்தப் பையை வாசலில் வைத்துவிட்டு வந்தவன், தான் அணைத்த ஸ்விட்சிலிருந்து கையை எடுத்து, வயலில் இறங்கி, முதல் செடியைப் பிடுங்கினான்.