கொம்புக் கிண்ணம்

எங்கள் கண்ணாடி அலுமாரியில், மரைமான் கொம்பில் குடைந்த இரண்டு கிண்ணங்களை அம்மா அழகுக்காக வைத்திருக்கிறார். பழுப்பேறியது பூட்டனுடையது. அதில் செவ்வரத்தம்பூ இருக்கும். மற்றதை நான் பிறந்த ஆண்டில் அப்பா செய்தார். அதில் குங்குமம். அடுத்த ஆண்டு, யுத்தத்தின் முடிவில், அப்பா காணாமல் போனார். அதன் பிறகும் அந்தக் குங்குமத்தில்தான் அம்மா பொட்டு வைத்துவந்தார்.

வெள்ளிக்கிழமை கிண்ணங்களுக்கு எண்ணெய் பூசினேன். அப்பாவின் கிண்ணத்து ஓரத்தில் மெல்லிய மயிர் முளைத்திருந்தது. தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. உயிருள்ள மரையின் தலையில் வளரும் கொம்புதான் அப்படி இருக்கும்.

அன்று பெரியப்பா அப்பாவின் மரணச் சான்றிதழுக்கான படிவத்துடன் உடையார்கட்டிலிருந்து வந்தார்.

"பதினாறு வருசம், மலர். இன்னும் எந்த பஸ்ஸில வருவான் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறீர்?"

அம்மா என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்லுறாய், பிள்ளை?"

ஆட்களுக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. கிண்ணத்தையாவது காட்டியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன்.

அம்மா கையெழுத்து வைத்தார்.

மறுநாள் கிண்ணம் குளிர்ந்திருந்தது. பொட்டில்லாத நெற்றியுடன் அம்மா குங்குமத்தைக் கொட்டுவதற்காக அதை எடுத்தார். குங்குமத்தின் மேல் மயிர் உதிர்ந்து கிடந்தது.

"பூனை ஏறினதோ?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா" என்றேன்.