கரைவலைக் கயிறு

எங்கள் குடாவில் கரைவலை இழுக்கும்போது, அந்த வழியாகப் போகிறவர்களும் கயிற்றில் கை வைக்கவேண்டும். வைத்த கையை வலை கரையேறும்வரை எடுக்கக் கூடாது.

அன்று பக்கத்துத் தீவான பார்படோஸில் ஓட்டல் வேலையில் சேரக் கிளம்பியிருந்தேன். கப்பலை விட்டால் வேலை போய்விடும். நேரம் இருக்கிறதே என்று பெட்டியை மணலில் வைத்துவிட்டுக் கை கொடுத்தேன்.

மதியமாயிற்று. கயிறு வந்துகொண்டே இருந்தது. வலை வரவில்லை.

"தியோஃபில் அண்ணே, நான் போகணும்" என்றேன்.

வலைக்காரர் சிரித்தார். "பார்படோஸ் எங்கயும் ஓடிடாது பிள்ளை. மீனோட போ."

கப்பல் ஊதிவிட்டுப் புறப்பட்டது. யாரும் தலையைத் திருப்பவில்லை.

எனக்கு முன்னால் இழுத்தவர் கோட்டும் சப்பாத்தும் போட்டிருந்தார். ஊரில் பார்த்திராத முகம்.

"கல்யாணத்துக்குக் கிளம்பினீங்களா?" என்று கேட்டேன்.

"கப்பலுக்கு."

"இப்பப் போச்சே, அதுவா?"

"இல்லம்மா. வாழைக்காய் ஏத்துற கப்பல்."

வாழைக்காய்க் கப்பல் எங்கள் ஊருக்கு வருவது நான் பிறக்கும் முன்பே நின்றுபோயிருந்தது.

"அது ஊதினா எனக்குச் சொல்லு" என்றபடி அவர் ஈரக் கயிற்றை என் பக்கம் தள்ளினார்.

நான் வாங்கி இழுத்தேன்.